ஒரு ஹெட்ஃபோன் ஓட்டையின் மகிமை

ஸ்பெக்ட்ரம் மாதிரி ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை! ஏன் என்று கேட்டால் அதன் சிப்பையோ கலரையோ சொல்ல மாட்டேன். பின்பக்கம் 'இயர்' என்று போட்டிருக்குமே, அந்தச் சின்ன ஓட்டையைத்தான் சொல்வேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து அதற்கு ஒரு ஒயர். அவ்வளவுதான், கேம் தயார்.

1982இல் பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேர் இதை இறக்கியபோது 16கே மாடல் 125 பவுன். ஃப்ளாப்பி டிரைவையும் சேர்த்திருந்தால் விலை எங்கேயோ போயிருக்கும். வீட்டில் இருக்கிற டேப் ரெக்கார்டரே போதும் என்று முடிவெடுத்தாரே, என்ன மூளை! 1986இல் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்று அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஃப்ளாப்பி விற்கிற கடையை நான் பார்த்ததே இல்லை. கேசட்டுக்கா பஞ்சம்? லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இளையராஜா பாட்டைப் பதிந்து தர எத்தனை கடைகள்! எங்கள் வீட்டில் ஒரே டேப் ரெக்கார்டர்தான்; காலையில் சுப்ரபாதம், சாயங்காலம் கேம்.

லோட் ஆகிற அழகு இருக்கிறதே! 'ஜே' பட்டனைத் தட்டினால் 'லோட்' என்ற முழு வார்த்தையே வந்து விழும். மேற்கோள் குறி இரண்டு, என்டர், பிளே. முதலில் நீளமாக ஒரே சுருதி. திரையின் ஓரத்தில் சிவப்பும் இளநீலமும் பட்டை பட்டையாக நகரும். பிறகு கரகரவென்று டேட்டா. பட்டைகள் நீலம், மஞ்சள் ஆகிவிடும். படம் மூன்று பாகமாக, வரி விட்டு வரி நிரம்பும். கோட்டுப்படம் முழுசானபின் மேலிருந்து குபுகுபுவென்று வர்ணம் ஏறும். பாதியில் 'டேப் லோடிங் எரர்' வந்தால் டேப் ரெக்கார்டர் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, சத்தம் கணீரென்று ஆகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் காது இன்னும் எனக்கு இருக்கிறது!

அமெரிக்காவில் கதை வேறு. ஆப்பிளின் வாஸ்னியாக் வடிவமைத்து 1978இல் வந்த டிஸ்க் 2 ஃப்ளாப்பி டிரைவும், அடுத்த வருஷம் ஃப்ளாப்பியில் வந்த விசிகால்க் என்ற கணக்குப் புரோகிராமும்தான் ஆப்பிளை ஆபீஸ்களுக்குள் கொண்டுபோயின. டேப்பை நம்பிய கலெக்கோ ஆடம் கம்ப்யூட்டர் பாவம். உள்ளே டேப்பை வைத்தபடி சுவிட்சைப் போட்டால், அந்த மின்காந்தத் துடிப்பிலேயே டேப்பில் இருப்பது அழிந்துபோகலாம். சின்க்ளேரே 1984இல் க்யூஎல் என்ற கம்ப்யூட்டருக்கு ஃப்ளாப்பியை விட்டுவிட்டு மைக்ரோடிரைவ் என்ற சொந்தச் சரக்கைப் பொருத்தினார். மெஷின் எடுபடவில்லை.

என் ஸ்பெக்ட்ரம் இன்றும் ஓடுகிறது. டேப் ரெக்கார்டருக்கு சென்னை ரிச்சி தெருவில் புது பெல்ட் வாங்கிப் போட்டு, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், கிணிகிணியென்று பாடுகிறது.

உங்கள் பரணில் பழைய கேம் கேசட் கிடந்தால் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் டேப் ரெக்கார்டரை லேப்டாப்பில் செருகிப் பதிந்து வையுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாகவே இருக்கட்டும்.