டி3-க்குள் மறையும் மில்லிமீட்டர்கள்

ஏற்காடு மலையின் மாரமங்கலத்திலிருந்து மலக்குடல் புற்றுநோயோடு இறங்கும் ஒருவருக்குச் சிகிச்சை ஒரே கூரையின் கீழ் முடிந்துவிடுவது அரிது. ஏற்காட்டில் முதல் பார்வை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனை, தேவைப்பட்டால் அடையாறு அல்லது வேலூர் என்று அலைய நேரிடும். போகுமிடமெல்லாம் மருத்துவர் மாறுவார். கூடவே போவது ரிப்போர்ட்தான். நோய் சுற்றுப்புறத் திசுக்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அதில் ‘டி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே சொல்லிவிடுவதுண்டு. மலக்குடலைப் பொறுத்தவரை அது போதாது.

அந்த எண்ணுக்குப் பின்னாலுள்ள யோசனையில் குறையில்லை. கட்டியின் பருமனை விட்டுவிட்டு, குடல் சுவரில் எந்த அடுக்குவரை அது துளைத்திருக்கிறது என்று பார்ப்பது, லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் 1932-இல் போட்ட பாதை. உட்சவ்வுக்கு அடுத்த அடுக்கில் நின்றால் டி1, தசைக்குள் புகுந்தால் டி2, தசையைத் தாண்டிக் கொழுப்பில் இறங்கினால் டி3, வெளியுறையைத் துளைத்தாலோ பக்கத்து உறுப்பைப் பிடித்தாலோ டி4. உள்ளே பெரிதாகப் புடைத்து நிற்பது டி1 ஆக இருக்கலாம். சின்னப் புண்ணாகத் தெரிவது டி3 ஆக இருக்கலாம். கண்ணை ஏமாற்றும் அளவை நம்பாமல் ஆழத்தை நம்பியதே இம்முறையின் பலம்.

சிக்கல் டி3-இல்தான். தசையை 1 மில்லிமீட்டர் தாண்டியதும் 15 மில்லிமீட்டர் தாண்டியதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஜெர்மனியின் எர்லாங்கனில் செய்த ஆய்வில், 5 மில்லிமீட்டருக்குள் நின்ற டி3 நோயாளிகளில் 85 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் புற்றுநோய்க்குப் பலியாகவில்லை; அதைத் தாண்டியவர்களில் 54 சதவீதமே. அறுவையில் வெட்டிய விளிம்புக்கும் கட்டிக்கும் உள்ள இடைவெளி இன்னும் முக்கியம். வெட்டியெடுத்த குடலின் வெளிப்புறத்தில் மை பூசி, குறுக்காக மெல்லிய துண்டுகளாக அறுத்து, நுண்ணோக்கியில் மைக்கோட்டுக்கும் கடைசிப் புற்றணுவுக்கும் இடையே அளப்பார்கள். 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் விளிம்பில் நோய் இருப்பதாகவே கணக்கு. லீட்ஸ் நகரில் ஃபிலிப் குவர்க் 1986-இல் 52 நோயாளிகளின் குடலை இப்படி ஆராய்ந்தார். 14 பேருக்கு விளிம்பில் நோய் இருந்தது, அவர்களில் 12 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் வந்தது. இந்த இடைவெளியைப் பற்றி டி எண் வாய் திறப்பதே இல்லை.

எளிமைதான் பொது மொழி, அதில் மில்லிமீட்டரைச் சேர்த்தால் குழப்பம் வரும் என்பார்கள். எண்ணை நீக்கச் சொல்லவில்லையே. பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரிக்கு அறுவைக்கு முன் தேவைப்படும் எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் கிடைக்குமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அறுவைக்கு முன்பே ஆழத்தை அரை மில்லிமீட்டர் நெருக்கத்தில் சொல்ல முடியும் என்று ஐரோப்பாவின் மெர்குரி ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அதற்கு நல்ல கருவியும் பழகிய கண்ணும் வேண்டும். பழைய வீக்கமும் தழும்பும் பரவல்போலத் தோன்றி அந்தக் கண்ணையும் ஏய்க்கும். அறுவைக்குப் பிந்தைய அளவுக்கு இந்தச் சாக்கு செல்லாது. மையும் கத்தியும் நுண்ணோக்கியும் பேதாலஜி ஆய்வகத்தில் ஏற்கெனவே இருப்பவை. அளந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதாமல் விட வறுமை காரணமாகாது. அறுவைக்கு முன்னரோ, இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு நோயாளியை முதலிலேயே அனுப்புவது, கதிர்வீச்சு முதலில் தேவையா என்ற முடிவையே மாற்றக்கூடியது. விளிம்பில் நோயை விட்டு வெட்டிய பிறகு கதிர்வீச்சு கொடுத்து அதைச் சரிக்கட்டுவது கடினம்.