படிக்கு ஒரு கணக்கு, நட்சத்திரத்துக்கு ஒரு கணக்கு

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது ஊர் வழக்கு. எந்த ஆண்டின் நாள் என்று கேட்டால்தான் சிக்கல். எல்லை தாண்டி வரும் தெலுங்கு பக்தரின் சாந்திரமான ஆண்டுக்கு 354 நாள்தான். அதிக மாதம் விழுந்தால் 384. தமிழரின் சௌரமான ஆண்டு 365 நாளும், கால் நாளுக்குச் சற்றே கூடுதலும். அதனால் சில வருஷம் 365, சில வருஷம் 366. ஆங்கில ஆண்டும் லீப் வருஷத்தில் ஒரு நாள் நீளும். எந்த நாள்காட்டியிலும் படி எண்ணிக்கை எல்லா ஆண்டும் ஒத்துவராது. ஆனால் ஒரு படி குறைகிறது என்று மலையேறும் எவரும் முறையிடுவதில்லை.

இந்த ஊரில் குறைந்தது நான்கு காலக்கணக்குகள் அருகருகே நடக்கின்றன. படிக்கு ஆங்கிலத் தேதி, காவடிக்கு நட்சத்திரம், மாதப் பிறப்புக்குச் சூரியன், யுகாதிக்குச் சந்திரன். இதைக் குழப்பம் என்று தள்ளுவோரும் உண்டு, மரபின் செழுமை என்று கொண்டாடுவோரும் உண்டு. கணக்கு பலவாக இருப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. எது எந்த அடிப்படையில் போட்ட கணக்கு என்று சொல்லாமலே நமக்குத் தரப்படுகிறதே, அதுதான் குறை.

முதலில் படி. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். நள்ளிரவில் ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்போது மலை நிறைந்திருக்கும். நூறாண்டுக்கு முன் இதைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஜனவரி முதல் தேதியன்று மாலையும் பழமும் ஏந்தி வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்க்கப் போனவர்களைத் தணிகைநாதன் பக்கம் திருப்புவதற்காகத் தொடங்கினார் என்பார்கள். அயல் நாள்காட்டியை எதிர்க்காமல் அதன் தேதியையே எடுத்துக்கொண்ட சாமர்த்தியம் அது. இன்னொரு பயனும் சேர்ந்தது. திதி, நட்சத்திரம் எதுவும் பார்க்க வேண்டாத விழா என்பதால், "இந்த வருஷம் என்றைக்கு?" என்ற கேள்வியே இதற்கு எழுவதில்லை. ஆண்டை உடம்பால் நினைவு வைக்கும் வழி என்ற அளவில் 365 படி மிக நல்ல ஏற்பாடு. துல்லியமான நாட்கணக்கு என்று அதைக் கொண்டால்தான் இடிக்கும்.

ஆடிக் கிருத்திகை வேறு ரகம். புஷ்பக் காவடியோடு வரும் கூட்டத்தில் சித்தூர், திருப்பதி பக்கத்தார் கணிசம். அவர்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஆடி என்ற மாதமே கிடையாது, ஆஷாடமும் சிராவணமும்தான். இருந்தும் இந்த விழாவுக்கு மட்டும் தமிழ் மாதப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறியது. ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டம் வரைபடத்தில் கோட்டை நகர்த்தியது. காவடிக் கணக்கு அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. இரு மொழிக்காரருக்கும் வானில் ஒரே கார்த்திகைக் கூட்டம்தான். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அடையாளம் என்பது நட்சத்திரக் கணக்கின் பெரிய பலம்.

அதன் பலவீனமும் கூடவே இருக்கிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கே வர 27 நாளும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகும். ஆடி மாதமோ ஏறக்குறைய 31½ நாள். மாதத்தின் முதல் நான்கு நாளுக்குள் கிருத்திகை வந்துவிட்டால் கடைசியில் இன்னொன்று வரும். சராசரியாக ஆறேழு ஆண்டுக்கு ஒரு முறை இப்படி நேரும். 2025இல் ஜூலை 20 ஒரு கிருத்திகை, ஆகஸ்ட் 16 இன்னொன்று, இரண்டும் ஆடியில். விரதம் இருப்பவர் எதைப் பிடிப்பது? சூரிய மாதத்தையும் சந்திர நட்சத்திரத்தையும் ஒரே முடிச்சில் கட்டினால் எப்போதாவது இப்படி அவிழத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏன் இரண்டு வந்தது, ஏன் ஒன்றைத் தேர்ந்தோம் என்பதைத் தினசரிக் காலண்டர் ஒரு வரியில் சொல்லலாம். சொல்வதில்லை.

ஆண்டுப் பெயரிலும் இப்படியொரு இரட்டை. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்கள் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொது. தொடக்க நாள் மட்டும் வேறு. விசுவாவசு ஆண்டு தெலுங்கருக்கு 2025 மார்ச் 30 யுகாதியில் பிறந்தது. தமிழருக்கு ஏப்ரல் 14இல். இடைப்பட்ட பதினைந்து நாளும் ஒரே கடைத்தெருவில் ஒருவர் விசுவாவசுவிலும் பக்கத்துக் கடைக்காரர் குரோதியிலும் இருந்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை. தமிழக அரசின் விடுமுறைப் பட்டியலும் இரண்டு நாளுக்கும் இடம் தந்திருக்கிறது. அறுபதாண்டுச் சுழற்சியின் உண்மையான குறை வேறு: விசுவாவசு என்று மட்டும் எழுதிவைத்தால் அது 2025ஆ, 1965ஆ, 1905ஆ என்று பேரனுக்குத் தெரியாது. ஒரு மனிதன் வாழ்நாளுக்குப் போதுமான கணக்கு, ஓர் ஊரின் வரலாற்றுக்குப் போதாது. கலி, சகம் என்ற தொடர் எண் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அது நிற்கும்.

இனி இந்தக் கணக்கெல்லாம் பிறக்கும் இடத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டின் பழைய முறை வாக்கியம். சந்திரனின் 248 நாள் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி மனப்பாடம் செய்தார்கள். அதன் வலிமைக்கு அந்நியர் சாட்சி உண்டு. வெள்ளி இடைநகர்வைப் பார்க்க 1768இல் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், ஒரு தமிழர் கணித்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு 41 விநாடிதான் குறைவு என்று கண்டார். ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி கூடுதல் காட்டியது. 1825இல் ஜான் வாரன் சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித'த்திலும், தரையில் சோழி பரப்பிக் கிரகணம் கணித்த ஒரு தமிழர் வருகிறார். அவருடைய நினைவாற்றலை வியந்த வாரன், கணக்கின் பின்னுள்ள கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதிவைத்தார்.

முறையின் பலமும் பழுதும் அந்த ஒரே மனிதரிடம் இருக்கின்றன. நினைவில் ஏற்றிய வாக்கியம் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்தது; அது எப்படிப் பிறந்தது என்ற அறிவு வழியில் உதிர்ந்துவிட்டது. காரணம் தெரியாத கணக்கைக் காப்பாற்றலாம், திருத்த முடியாது. விளைவு இன்று கண்முன் தெரிகிறது. கண்ட வானத்தோடு பொருத்தித் திருத்திய திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி நடக்கும் திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20. ஒரே சனி கும்பத்துக்குப் போக இரு பஞ்சாங்கத்துக்கும் இடையே பதினோரு மாதம்!

திருத்தம் என்பது மரபுக்கு அந்நியம் என்ற வாதம் நிற்காது. கேரளத்து வடசேரி பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கவனித்துவிட்டு 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவரும், 1867இல் ஆர் ரெடிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கத்தைக் கண்ட வானத்தோடு பொருத்த வேண்டும் என்று வாதாடினார். ஆனால் திருக்கணிதமும் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22இல். நட்சத்திரத்தை அடிப்படையாகக் கொண்ட ஆண்டு பருவ ஆண்டைவிடச் சற்று நீளம் என்பதால், பல நூற்றாண்டுகளில் சேர்ந்த இடைவெளி இது. அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இன்னும் வளர்கிறது.

அன்றாட அளவில் அதிகம் ஏமாற்றுவது ராகு காலம். விதி எளிது: உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டுப் பங்கு, கிழமைக்கு ஒரு பங்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்து ஒன்றரை மணி நேரம் என அச்சடித்துவிடுகிறார்கள். 1906இல் வந்த இந்திய நேரத்தின் கோட்டுக்குத் திருத்தணி மேற்கே இருப்பதால், நம் கடிகாரம் ஊர்ச் சூரியனைவிடச் சுமார் 12 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் அஸ்தமனம் 6.40 அளவில். அப்போது ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஐந்து மணிக்கு மேல் தொடங்கி 6.40 வரை நீளும், காலண்டரோ 4.30 முதல் 6 என்கிறது. ஆறு அடித்ததும் நிம்மதியாகப் புறப்படுகிறவர், தம் நம்பிக்கையின் விதிப்படியே ராகு காலத்தில்தான் புறப்படுகிறார். நம்பாதவருக்கு இதில் நஷ்டமில்லை. நம்புகிறவருக்குத்தான் தவறான சரக்கு விற்கப்படுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாமா? முயன்று பார்த்தாயிற்று. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி நடப்புக்கு வந்தது. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் வாழ்கிறது, வீட்டுச் சுவரில் இல்லை. தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. அறுவடை, விரதம், சம்பளம், திருவிழா எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு என்பது நிர்வாகத்தின் ஆசை. மக்கள் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற கணக்கையே கையில் எடுக்கிறார்கள்.

எனவே படியைக் கூட்டவும் வேண்டாம், யுகாதியைச் சித்திரையோடு சேர்க்கவும் வேண்டாம். கோயில் அறிவிப்பிலும் காலண்டர் தாளிலும் ஒரு வரி போதும்: எந்தக் கணிதம், எந்த ஊர் உதயம். வாக்கியம்தான் வேண்டும் என்பவர் தெரிந்தே அதை எடுத்துக்கொள்ளட்டும். அந்த வரி அச்சானால் பதினோரு மாத வித்தியாசத்தையும் நாற்பது நிமிட வித்தியாசத்தையும் யாரும் கேள்வி கேட்கலாம், சரிபார்க்கலாம், திருத்தலாம். பரமேசுவரர் ஆறு நூற்றாண்டுக்கு முன் செய்ததும் அதைத்தான்.