பெயர் சொல்லி ஆற்றுப்படுத்தல்: தமிழ்ச் சொல்லிசைப் பாடல்களின் பரவலும் பாடினோர் பெயரும்

முன்னுரை

புதிய பாடல் ஒன்றைக் கேட்டு மகிழ்ந்தவர் அதனைப் பிறருக்கும் கேட்பிக்க விழைவது இயல்பு. ஒலிநாடா, குறுந்தகடு, கைப்பேசி என ஊடகங்கள் மாறினும் இவ்விழைவு மாறவில்லை. எனினும் ஒரு பாடல் கைமாறும்போது அதனுடன் எவை செல்கின்றன, எவை வழியில் உதிர்கின்றன என்பது இலக்கிய ஆய்வுக்குரிய வினாவாகும். சுவடிகள் பெயர்த்தெழுதப்பட்டபோது நேர்ந்த பாடவேறுபாடுகளை நுணுகி ஆராய்ந்த தமிழ்ப் பதிப்புலகம், ஒலிக்கோப்புகளாகக் கைமாறும் இன்றைய பாடல்களையும் அவ்வாறே நோக்குதல் தகும். ராப் எனப்படும் சொல்லிசையும் திரைப்படம் சாராத தனியிசைப் பாடல்களும் கேட்போரிடையே பரவும் முறையினையும், அப்பரவலில் ஆக்கியோர் பெயர் அடையும் நிலையினையும் ஆற்றுப்படை மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பெங்களூரின் லிங்கராஜபுரம் களமாகக் கொள்ளப்படுகிறது.

களம்

லிங்கராஜபுரம், பெங்களூரின் கிழக்குப் பகுதியில் காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி ஆகியவற்றை அடுத்து அமைந்தது. 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைக்குடியிருப்பை ஒட்டிப் பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் நிலப்பரப்பின் ஒரு பகுதி இது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். இங்குள்ள தமிழ் இளைஞர் பலர் ஆங்கில வழியிலோ கன்னட வழியிலோ பயின்றவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தைப் படிக்க அறியார். ஆகவே வீட்டுக்கு வெளியே உள்ள தமிழ் அவர்களைச் செவிவழியாகவே அடைகிறது. அவர்களுக்குப் பாடலே பனுவல்.

இந்நகரில் தமிழ் பொதுவெளியில் தோன்றுவது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, மூடிய நிலையில் 18 ஆண்டுகள் காத்திருந்து 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தமிழ்ப்பாடல் பெரும்பாலும் செவிப்பொறிக்குள் ஒலித்த பாடலாகவே இருந்தது.

பெங்களூரின் ராப் இசையில் பெயர் பெற்றோரை நோக்கின், புரோதா வி 2012இல் வெளியிட்ட ‘ஆத்ம ராமா’ ஆங்கில ராப்பையும் பக்திப் பாடலையும் இணைத்தது. 2024இல் ‘பிக் டாக்ஸ்’ பாடலால் உலகப் புகழ்பெற்ற ஹனுமன்கைண்ட் ஆங்கிலத்தில் பாடுபவர். சந்தன் ஷெட்டி கன்னடத்தில் பாடுபவர். லிங்கராஜபுரத்துத் தமிழ் இளைஞர் கேட்கும் தமிழ்ச் சொல்லிசையோ கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வருவது. தொலைவிலிருந்து வருவதற்கு வழிகாட்டி ஒருவர் வேண்டும். கேட்டவர் கேளாதவருக்குக் காட்டும் இச்செயலே நம்மை ஆற்றுப்படைக்கு இட்டுச் செல்கிறது.

ஆற்றுப்படையில் பெயர்

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனைத் தான் சென்று வந்த புரவலனிடம் செலுத்துவது ஆற்றுப்படை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் இதற்குரியோர் என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. நூல்கள் பெயர் பெற்ற முறையும் கருதத்தக்கது. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகியவை ஆற்றுப்படுத்தப்படும் கலைஞரின் இனத்தால் பெயர் பெற்றன. எனினும் இந்நூல்களில் வழிகாட்டும் கலைஞனுக்கும் வழிகேட்கும் கலைஞனுக்கும் இயற்பெயர் இல்லை. கரிகாலன், நல்லியக்கோடன், தொண்டைமான் இளந்திரையன் எனப் புரவலர் பெயர்கள் நிலைபெற்றுள்ளன. நூல் யாத்த புலவர் பெயர்களும் நிலைபெற்றுள்ளன. யாழேந்தி வழிநடந்தவன் ‘பாணன்’ என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிடுகிறான்.

இதற்கு மறுதலையான ஒரு செயலைத் தொகைநூல்களில் காண்கிறோம். குறுந்தொகையில் இயற்பெயர் அறியப்படாத புலவர்க்குச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என அவரவர் பாடலில் பயின்ற தொடராலேயே பெயரிட்டு வழங்கினர். பாடலைப் பேணியோர், பாடியவர்க்கு ஓர் இடத்தையும் பேண விரும்பினர் என்பதற்கு இது சான்று. ஆக, பெயரை உதிர்க்கும் பரவலும் பெயரைத் தேடிச் சேர்க்கும் பரவலும் நம் மரபில் அருகருகே உள்ளன.

இன்றைய பாடற்பகிர்வு ஆற்றுப்படையின் திசையை மாற்றியுள்ளது. அங்குக் கலைஞன் புரவலனிடம் செலுத்தப்பட்டான். இங்குக் கேட்பவர் கலைஞனிடம் செலுத்தப்படுகிறார். கேட்போர் கூட்டமே இன்று புரவலர் ஆதலால், அவர்கள் கலைஞனைச் சென்றடையப் பெயர் இன்றியமையாததாகிறது.

ஒலிக்கோப்பும் உதிர்ந்த பெயரும்

தமிழ் ராப் பலருக்கு முதலில் அறிமுகமானது 1994இல் வெளிவந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வழியாக. திரைப்படத்தைச் சாராத ராப் தொகுப்பாகப் பரவலான கவனம் பெற்றது, மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’. அதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’, பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்திற்காக வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாடலை மீட்டெடுத்து, இடையிடையே புதிய சொல்லிசைப் பகுதிகளைச் சேர்த்தது. தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்தோரின் வழிவந்த மலேசியத் தமிழ் இளைஞர், தமிழகத் திரைப்பாடலைத் தம் முன்னோர் சொத்தாகக் கொண்டு அதன்மேல் தம் குரலை ஏற்றினர் எனலாம்.

இத்தகைய பாடல்கள் பெங்களூரில் பரவிய விதம் நினைவுகூரத்தக்கது. 2000களின் பிற்பகுதியில், கைப்பேசிக் கடைகளில் சிறுதொகை பெற்றுக்கொண்டு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவர். புளூடூத் வழியே அப்பாட்டு ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். கோப்பின் பெயரில் பாடலின் முதற்சொல் இருக்கும். பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பதிவிறக்கிய இணையதளத்தின் பெயர் இருக்கும். சுவடியின் இறுதியில் பெயர்த்தெழுதியவர் தம் பெயரைக் குறித்து, நூலாசிரியர் பெயரை விட்டுவிட்டதற்கு இது நிகர்.

இழப்பு இருபுறமும் நேர்ந்தது. யோகி பியின் பெயரறியாமல் அவர் பாடலைக் கேட்டோர் உண்டு. பல்லவி வாலியுடையது என்பதை அறியாமல், அதுவும் 2006இல் பிறந்ததே எனக் கொண்டோரும் உண்டு. பின்னர் ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தபோது, அது படத்தின் பெயராலேயே வழங்கப்பட்டது. திரைப்படம் என்னும் புரவலன் பெயர் நிலைக்கப் பாணன் பெயர் மறைந்தது.

இதனாலேயே தனியிசைக் கலைஞர் பலர் திரைப்படத்தை நாடினர் என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் பாதை ஒன்றாகவே தெரிகிறது. 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ தொகுப்பை வெளியிட்ட ஹிப்ஹாப் தமிழா இருவர் 2015இல் ‘ஆம்பள’ வழியே திரை இசையமைப்பாளராயினர். 2024இல் ‘கட்சி சேர’ என்னும் தனிப்பாடலால் அறியப்பட்ட சாய் அபயங்கர் 2025இல் ‘டியூட்’ படத்திற்கு இசையமைத்தார்.

‘என்ஜாய் எஞ்சாமி’

இச்சிக்கலின் கூர்மையான வடிவம் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. தீ, அறிவு ஆகியோர் பாடிய இதனைச் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2018இல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினராகவும், ஆஃப்ரோவுடன் இணைந்து 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டவராகவும் முன்பே அறியப்பட்டவர். இப்பாடலின் அடியில் இருப்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகள். ஒப்பாரியின் ஓசையும் மண்ணை இழந்தோரின் முறையீடும் அதில் கலந்துள்ளன.

பாடல் உலகெங்கும் பரவியது, பெயர் உடன்செல்லவில்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் கனடாவின் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனைக் கண்டித்த பின்னர் அறிவுக்குத் தனியே ஓர் இணைய அட்டை வெளியிடப்பட்டது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாடல் அரங்கேறியது. அதன்பின் ஆக்கவுரிமை குறித்து அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களை வெளியிட்டனர். யார் எப்பகுதியை ஆக்கினார் என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு சமூகத்தின் இழப்பைப் பாடிய பாடலிலேயே பாடியவர் பெயர் குறித்த பூசல் எழுந்தது என்பதே நம் கவனத்துக்குரியது.

நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. எனவே பெயரின்றிப் பரவுவது பாடலின் வெற்றியே என வாதிடலாம். இவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. வாய்மொழிப் பாடலைப் பாடும் ஒவ்வொருவரும் அதன் ஆக்கத்தில் பங்கேற்கிறார். அதற்கு உரிமைத்தொகை கோருவார் இல்லை. ஒலிப்பதிவான பாடலில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. அதன் வருவாய் எவரோ ஒருவரைச் சேர்கிறது. ஆக்கியோன் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஏற்றுள்ளது. மேலும், ஒப்பாரியையும் கானாவையும் பறையையும் பேணிய மக்களின் பெயர்கள் பொதுப்பெயர்களுள் புதைந்ததற்குச் சாதி ஒரு காரணம். அவர்கள் வழிவந்த கலைஞர் தம் பெயரைக் கோரும்போது ‘நாட்டார் மரபு பெயரற்றது’ என விடையளிப்பது பழைய இழப்பைத் தொடரச் செய்வதாகும்.

இவ்விடத்தில் கருநாடகத் தமிழரின் முன்னுதாரணம் ஒன்று உண்டு. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் பெயர், அயோத்திதாசர் கையாண்ட சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பிறந்தது. 1914இல் அவர் மறைந்தபின் அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தோருள் கோலார் தங்கவயல் தமிழர் முதன்மையானோர். சென்னையில் எழுந்த குரலைச் சுரங்க ஊரினர் பெயரோடு பாதுகாத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தனர்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால், பாடலைப் பகிர்தல் என்பது ஒருவகைப் பதிப்பித்தலே என்பது பெறப்படும். லிங்கராஜபுரத்து மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பாடலின் முப்பது நொடித் துண்டை அனுப்பும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ ஒரு பாடத்தை வெட்டுகிறார். ஒரு பெயரைச் சேர்க்கிறார் அல்லது நீக்குகிறார். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஊர், ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒரு வரியில் சேர்த்தனுப்புவது அரிய செயலன்று. தமிழ்த்துறைகள் தம் வகுப்பறைகளில் சொல்லிசைப் பாடல்களைப் பாடமாக்கும்போது இவ்வைந்தனையும் பயிற்றுதல் வேண்டும். தமிழ் எழுத்தறியாத மாணவருக்கு இது பதிப்பு நெறியின் முதற்பாடமாகவும், தமிழ் எழுத்தைக் கற்கத் தூண்டும் வாயிலாகவும் அமையக்கூடும். குறுந்தொகையைத் தொகுத்தோர் பெயரறியாப் புலவர்க்கும் ஒரு பெயரைத் தேடி அளித்தனர். பெயர் அறியக்கிடக்கும் காலத்தில் வாழும் நாம் அதனை விட்டுவிடுவது அம்மரபுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.