ஆஃப் சீசன் யாருக்கு?

தமிழில் வரும் சுற்றுலாக் கட்டுரைகளின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எப்படிச் செல்லலாம், எங்கே தங்கலாம், எப்போது செல்லலாம். மலையைப் பற்றி எழுதியவர் எவ்வளவு உருகியிருந்தாலும், அந்த மலையை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது மூன்றாவது கேள்விக்கு அவர் தரும் பதிலில்தான் தெரியவரும். ஏற்காட்டுக்கு அந்தப் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஏப்ரல் முதல் ஜூன் வரை. மற்ற மாதங்கள் ‘ஆஃப் சீசன்’. ஒரு கவிதைக்கோ நாவலுக்கோ நாம் கொடுக்கும் கவனத்தை இந்தப் பெட்டிக்குக் கொடுத்தால் என்ன தெரியும் என்று பார்க்கிறேன்.

முதலில் பட்டங்கள். ஊட்டி மலைகளின் அரசி. கொடைக்கானல் மலைகளின் இளவரசி. ஏற்காடு ‘ஏழைகளின் ஊட்டி’. அரசியும் இளவரசியும் இருக்கிற குடும்பத்தில் ஏற்காடு ஏழை உறவுக்காரி. நிலத்தைப் பெண்ணாக்குவது பழைய பழக்கம், அதைப் பற்றி நாம் நிறையவே பேசியாகிவிட்டது. என்னை உறுத்துவது அந்த ‘ஏழைகள்’ என்ற சொல். அது யாரைச் சொல்கிறது? ஊட்டிக்குப் போக வசதியில்லாத பயணிகளை. மலையிலேயே இருக்கிற ஏழைகள் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களும் (கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையை ஆள்பவர்கள்), காப்பித் தோட்டத்துக் கூலிப் பெண்களும் ஏழைகளின் ஊட்டியில் ஏழைகளாகக்கூடக் கணக்கில் இல்லை.

அடுத்து வினைச்சொற்கள். ஏற்காட்டைப் பற்றிய கட்டுரைகள் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தேன். மலை வரவேற்கிறது. பனி தழுவுகிறது. ஏரி அழைக்கிறது. காப்பி மணக்கிறது. பயணி ரசிக்கிறார், சாப்பிடுகிறார், படம் எடுக்கிறார். காப்பியை யாரும் பறிப்பதில்லை. அது தானாக மணக்கிறது.

‘சீசன்’ என்ற சொல்லே வெள்ளைக்காரர்களோடு மலையேறியது. சமவெளியின் வெயில் தாங்காமல் அவர்கள் மேலே வந்த மாதங்கள்தான் சீசன். மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஏற்காட்டுக்கு அந்த அந்தஸ்து இல்லை. இங்கே 1820களில் காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்னின் பெயர்தான் வரலாற்றுப் பத்திகளில் முதலில் வரும். மலைநகரங்களைப் பற்றி ‘தி மேஜிக் மவுண்டன்ஸ்’ (1996) என்ற நூலை எழுதிய டேன் கென்னடி, இந்த ஊர்களின் வெள்ளையர் கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் சமவெளியைவிட மிக அதிகமாக இருந்தார்கள் என்று காட்டுகிறார். மலைநகரம் என்பதே வெள்ளைக் குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட இடம். ஏற்காட்டில் அதன் மிச்சம் பெயர்களில் கிடக்கிறது: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். அம்மா, அப்பா, பிள்ளைகள், ஆளுக்கொரு பாறை. சாயங்காலத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி அங்கே உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பாராம், அதனால் லேடீஸ் சீட் என்கிறார்கள். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒரு பெண்ணுக்கு மலையில் ஒரு இடம் இருக்கிறது. கூடை சுமந்த பெண்களின் பெயரில் எந்தப் ‘பாயிண்ட்’டும் கிடையாது.

நம்மிடம் இதற்கு வேறொரு காலண்டரும் இருக்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குச் சொல்லும் பெரும்பொழுது கூதிர், அதோடு முன்பனி. அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நம் இலக்கணம் மலைக்கு உரிய காலம் என்று எதைச் சொன்னதோ, அதையே சுற்றுலாப் பெட்டி ‘ஆஃப் சீசன்’ என்கிறது. இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இலக்கணமும் காதலுக்கான ஏற்பாடுதான், உழைப்புக்கானது அல்ல. ஆனாலும் குறிஞ்சிப் பாட்டுகளின் தலைவி பெரும்பாலும் எங்கே இருக்கிறாள்? தினைப்புனத்துப் பரணில், கிளி ஓட்டும் வேலையில். தட்டை, குளிர், தழல் என்று கிளி விரட்டும் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. தலைவன் வேற்றூர்க்காரன், வேட்டையாடி வந்த விலங்கு இந்தப் பக்கம் போயிற்றா என்று கேட்டுக்கொண்டு அவள் வேலையிடத்துக்கு வருகிறவன். வகுப்பறையில் நாம் ‘புணர்தலும் புணர்தல் நிமித்தமும்’ என்று உரிப்பொருளை மனப்பாடம் செய்தோம். அவள் வேலையில் இருந்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நான் ஏற்காட்டுக்குப் போனது ஒரு கார்த்திகை மாதம், வாரநாளில். சேலத்திலிருந்து பேருந்து. அடிவாரத்துக்குப் போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் என்னைத் தவிர எல்லோரும் வேலையாகப் போகிறவர்கள் அல்லது வேலை முடிந்து திரும்புகிறவர்கள். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கடைகள் பாதி சாத்தியிருந்தன, படகுத்துறையில் ஆளில்லை. பெட்டிச் செய்தி சொன்னது சரிதான் என்று தோன்றும்படிதான் ஊர் இருந்தது. கடைவீதியைத் தாண்டித் தோட்டச் சாலைக்கு வந்ததும் நிலைமை மாறியது.

நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழ வேண்டும், அதைப் பூமழை என்பார்கள். மழை விழுந்த ஒன்பது, பத்து நாளில் செடிகள் வெள்ளையாகப் பூக்கும். பூ காயாகிப் பழுக்க எட்டு, ஒன்பது மாதம். இங்கே பெரும்பாலும் அராபிகா. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். சிவப்பை மட்டும் பறிக்க வேண்டும், பச்சை கலந்தால் காப்பியின் சுவை கெடும். அதனால் ஒரே செடியிடம் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் இதே மாதங்களில்தான். நனைந்த சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, இடுப்பில் பை, கிளையை வளைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தை உருவ வேண்டும். கிளை ஒடிந்தால் அடுத்த வருஷத்துப் பழம் போச்சு. பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்க இயந்திரத்தில் போட்டாக வேண்டும், விட்டால் புளித்துவிடும். ஆகவே ‘இன்றைக்கு மழை, நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு இடம் குறைவு. இந்த வேலையைச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ‘பெண்களுக்கு விரல் மென்மை’ என்று தோட்டக்காரர்கள் காரணம் சொல்வார்கள். விரல்கள் எப்படி இருக்கின்றன என்று அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாலரை மணிக்கெல்லாம் மஞ்சு இறங்கிவிட்டது. எடை போட்டு முடித்துவிட்டுத் திரும்பும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு நானும் நடந்தேன். ரோடு இப்படி வெறிச்சென்று கிடக்கிறதே, பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் சிரித்தார். “வெறிச்சுன்னு கெடக்குதா? நாங்க இத்தன பேரு போறமே கண்ணு.”

பெட்டிச் செய்திக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது. ஆனால் அந்தப் பதிலில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் சேர்ந்து நடக்கிறார்கள், சேர்ந்துதான் நடக்கிறார்கள். தனியாக நடப்பது அவர்களுக்கு விருப்பமான விஷயம் அல்ல.

இங்கேதான் நம் தோழிகள் எழுதும் பயணக் கட்டுரைகளோடு எனக்கு ஒரு வழக்கு. கடந்த சில ஆண்டுகளாகத் தமிழில் தனித்துப் பயணிக்கும் பெண்கள் நிறைய எழுதுகிறார்கள். அது நல்லது, அவசியமானதும்கூட. அவற்றில் அடிக்கடி ஒரு ஆலோசனை வரும்: ஆஃப் சீசனில் போங்கள், கூட்டம் இருக்காது, வாடகை பாதி, மலை உங்களுக்கே உங்களுக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் நிறுத்தி வாசிக்கச் சொல்கிறேன். ஆண் பயணிக்காக வரவேற்றுக்கொண்டிருந்த அதே மலை இப்போது பெண் பயணிக்காக வரவேற்கிறது. நாம் இலக்கணத்தை மாற்றவில்லை, எழுவாயை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

இன்னொரு பக்கம், அந்த ஆலோசனை முழு உண்மையும் அல்ல. அன்று முதலில் நான் கேட்ட விடுதியில், கூட யாரும் வரவில்லையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, தனியாக வரும் லேடீஸுக்கு அறை கொடுப்பதில்லை என்றார்கள். முப்பது சாவிகள் அவர் தலைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த இடத்தில் கொடுத்தார்கள், கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று தாமாகவே சொன்னார்கள். ஐந்தரை மணிக்கு லேடீஸ் சீட்டில் என்னைத் தவிர லேடீஸ் யாரும் இல்லை. பாட்டில்களோடு இரண்டு கும்பல். மே மாதத்தில் அங்கே கூட்டத்துக்குள் ஒரு பெண் தனியாக நிற்கலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். கூட்டமில்லாத மாதத்தில் அவள்தான் காட்சி. தனிமை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் நம் கட்டுரைகள் சொல்ல வேண்டும். அறை மறுத்த கதைகளைப் பெண்கள் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அச்சில் வரும்போது அதே பயணம் பனியும் சூடான மிளகாய் பஜ்ஜியுமாக மாறிவிடுகிறது.

மலையை எழுதிய பெண்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ராஜம் கிருஷ்ணன் நீலகிரிப் படகர் வாழ்வைத் தலைமுறைகளின் ஊடாகச் சொன்ன ‘குறிஞ்சித் தேன்’ நாவலின் தலைப்பிலேயே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியின் கணக்கு இருக்கிறது. அந்தக் காலக்கணக்கில் ஏப்ரல்–ஜூன் என்பது ஒன்றுமே இல்லை. நாவலின் வசதி பயணக் கட்டுரைக்கு இல்லை என்பது சரி. ஆனால் இரண்டு நாள் தங்குகிறவரும் ‘இங்கே இப்போது என்ன வேலை நடக்கிறது?’ என்று கேட்கலாம். அதற்குப் பன்னிரண்டு வருஷம் வேண்டாம்.

இது ஏற்காட்டின் கதை மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் கடற்கரை நகரங்களுக்கான வழிகாட்டி நூல்களும் நவம்பர் முதல் மார்ச் வரை போகச் சொல்கின்றன, ஆண்டின் நடுப்பகுதி மந்த காலம். அதே ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அங்கே கடலடியின் குளிர்நீர் மேலெழுந்து சாளை வகை மீன்கள் கரையருகே திரளும். ஆண்கள் பிடித்து வரும் மீனை வாங்கி, புகையூட்டிப் பதப்படுத்தி, உள்நாட்டுச் சந்தைகள் வரை கொண்டுபோவது பெண்கள். அக்ராவின் சோர்க்கோர் பகுதியின் பெயராலேயே ஒரு மீன் புகையூட்டும் அடுப்பு உலகெங்கும் அறியப்படுகிறது. ஓட்டல்கள் காலியாக இருக்கும் அந்த மாதங்களில் அடுப்புகள் காலியாக இருப்பதில்லை. ஏற்காட்டுப் பெண்களைப் போலவே அவர்களுடைய நெருக்கடி மாதங்களும் பயணியின் காலண்டரில் வெற்றிடம்.

மே மாதம் மலைக்கு அந்நியம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1,623 மீட்டர் உயரத்துச் சேர்வராயன் கோயிலில் ஆண்டுத் திருவிழா மே மாதம்தான். குகைக்குள் சேர்வராயனோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். அந்தக் குகை காவிரியோடு போய்ச் சேர்கிறது என்பது நம்பிக்கை. மலையாளி மக்களின் பூர்வகதை காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றியது: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். நான் படித்த வடிவங்களில் அவர்களுடைய மனைவிகளுக்குப் பெயர் இல்லை. சுற்றுலாத்துறை அச்சில் மட்டுமல்ல, மலையின் சொந்தக் கதையிலும் பெண்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசின் கோடை விழாவும் மலர்க்காட்சியும் அதே மே மாதத்தில் அண்ணா பூங்காவில் நடக்கின்றன. பறிப்பு வேலை அப்போது முடிந்திருக்கும். அன்று என்னோடு நடந்தவர்களில் இருவர், சீசனில் விடுதிகளுக்குப் போய்ப் போர்வை துவைப்பதாகச் சொன்னார்கள். இன்னொருவர் சாலையோரம் பலாச்சுளை விற்பாராம்.

ஏற்காட்டைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும் படம் கிளியூர் நீர்வீழ்ச்சி. பெரிய ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அது, மழை பெய்தால்தான் விழும். நல்ல கோடையில் போனால் பல வருஷங்களில் பாறையைத்தான் பார்க்கலாம். நான் சேர்த்து வைத்த கட்டுரைகளில் ஒன்று, வெள்ளமாகக் கொட்டும் கிளியூரை அரைப்பக்கத்துக்குப் போட்டு, அதன் கீழேயே பெட்டியில் அச்சிட்டிருக்கிறது: செல்ல ஏற்ற காலம், ஏப்ரல் முதல் ஜூன் வரை.