டோராவும் சிறுபாணனும்

கடப்பாக்கத்தில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய நான்கு வயதுப் பேத்தி டெலிவிஷன் முன் நின்று, "அதோ பாலம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பார்த்தது 'டோராவின் பயணங்கள்'.

அமெரிக்காவில் 2000-இல் பிறந்த இந்தப் பொம்மைப் படம், 2007-இல் தொடங்கிய சுட்டி டி.வி.யில் தமிழ் பேசியது. வரைபடம் மூன்று இடங்களைச் சொல்லும். டோராவும் குரங்கு புஜ்ஜியும் அவற்றைக் கடந்து யாருக்காவது உதவப் போவார்கள். எல்லாக் கதையும் ஏறக்குறைய இதுதான் என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் இந்த அமைப்பு நமக்குப் புதிதா என்ன? இதே இடைக்கழி நாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று மூன்று ஊர்களைத் தாண்டித்தான் நல்லியக்கோடனிடம் போக வேண்டும். பரிசு பெற்ற பாணன், பசித்த பாணனுக்கு வழி சொல்கிறான்.

டோரா வழி சொல்வதில்லை, கேட்கிறாள். கேட்டுவிட்டுச் சில விநாடி சும்மா இருக்கிறாள். அந்த மௌனம்தான் படத்தின் கலை. குழந்தை யோசிக்க அங்கே இடம் கிடைக்கிறது. குறையும் அங்கேதான். பெட்டிக்குக் காது கிடையாது. தப்பாகச் சொன்னாலும் பாராட்டு வந்துவிடும்.

அன்று பாட்டி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். குழந்தை திரும்பவில்லை. படம் முடிந்ததும் நண்பர், "பாட்டி கண்ணாடி எங்கே இருக்கும்?" என்று பேத்தியிடம் கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருந்தார். அவள் முதலில் தப்பான அலமாரியைத் திறந்தாள். யாரும் பாராட்டவில்லை. மறுபடி யோசித்து, பூஜை மாடத்திலிருந்து எடுத்து வந்தாள்.

டோராவிடம் பாடம் கற்றது பேத்தியா, தாத்தாவா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.