சொன்ன பொய்க்கு உண்மை

மாதனூரில் நண்பர் வீட்டுத் திண்ணையில் ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். பேச்சு ‘கலை அரசி’யில் வந்து நின்றது. முந்தின இரவுதான் நாலு பேருமாக அந்தப் படத்தை டெலிவிஷனில் பார்த்திருந்தோம். 1963-ல் ஏ. காசிலிங்கம் டைரக்ட் செய்தது. ககாரின் வானத்துக்குப் போய்வந்து இரண்டே வருஷம், அதற்குள் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்கே போய்விட்டார்!

“குழந்தை விளையாட்டு” என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கிரகவாசிகள் விஞ்ஞானத்தில் தேறியவர்கள், கலையில் பின்தங்கியவர்கள். அதனால் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள். பொன்னுக்காக அல்ல, மண்ணுக்காக அல்ல, பாட்டுக்காக! இதைவிட நல்ல கற்பனை வேறென்ன வேண்டும்?

குறை அதற்குப் பிறகுதான். பாட்டு வளராத ஊரில் தாய் என்ன சொல்லிக் குழந்தையைத் தூங்க வைப்பாள்? படம் இதை நின்று கேட்கவில்லை. ஆள்மாறாட்டத்துக்கும் சண்டைக்கும் ஓடிவிடுகிறது.

எங்கள் ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. வெறும் கரிக்கோடுதான், ஆனாலும் ஆடு புலியைத் தாண்டினால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? விஞ்ஞானக் கதையும் அப்படித்தான். எந்தப் பொய்யும் சொல்லலாம். சொன்ன பொய்க்குக் கடைசி வரை உண்மையாக இருக்க வேண்டும்.

நண்பர் மறுக்கவில்லை. ஓர் ஆட்டை நகர்த்தி, என் கடைசிப் புலியை அடைத்துவிட்டார்.