ஒரு சொல்லின் யோக்கியதை

'ஆனஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், நம்மில் எவரும் யோசிக்காமல் 'நேர்மையான' என்று சொல்லிவிடுவோம். பரீட்சைக்கு அது போதும். 'ஒதெல்லோ'வுக்குப் போதாது.

ஷேக்ஸ்பியர் 1603-04 வாக்கில் எழுதிய அந்த நாடகத்தில் இந்தச் சொல்லும் இதன் பெயர்ச்சொல் வடிவமும் 52 தடவை வருவதாக வில்லியம் எம்ப்ஸன் எண்ணிச் சொன்னார். 1930-ல், தம் 24-ம் வயதில், அவர் வெளியிட்ட 'செவன் டைப்ஸ் ஆஃப் ஆம்பிகுயிட்டி' நம்மிடையே பெயரளவிலாவது தெரிந்தது. 1951-ல் வந்த 'த ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்' அப்படியல்ல. காரணம், எம்ப்ஸன் சொல்லின் அர்த்தங்களை இயற்கணிதக் குறிகள் போட்டுப் பிரித்துக் காட்டுகிறார், வாசகன் பயந்துவிடுகிறான். எனக்கும் அந்தக் குறிகளில் நம்பிக்கையில்லை. ஆனால் குறிகளைத் தாண்டி 'ஒதெல்லோ' அத்தியாயத்துக்கு வந்துவிட்டால், ஒரே ஒரு சாதாரணச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நாடகம் முழுவதற்குள்ளும் போய்வர முடியும் என்பது தெரிகிறது.

சொல்லின் மூலம் லத்தீன். கௌரவத்தைக் குறிக்கும் 'ஆனர்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆகவே முதலில் இதற்கு அந்தஸ்து உள்ளவன், மதிக்கத் தகுந்தவன் என்றுதான் அர்த்தம். பொய் சொல்லாதவன், திருடாதவன் என்பதெல்லாம் பின்னால் ஏறியது. பெண்ணுக்குச் சொன்னால் ஒரே அர்த்தம், கற்பு. ஆணின் யோக்கியதை அவன் வாக்கில் இருந்தது, பெண்ணுடையது அவள் உடம்பில். இதற்கும் மேல் இன்னொரு பிரயோகம். எஜமானன் வேலைக்காரன் தோளில் தட்டி, 'நம்ம ஆள், நல்லவன்' என்கிறானே, அந்தத் தொனி. எம்ப்ஸன் அழுத்துவது இதைத்தான். துணைத்தளபதிப் பதவி காஸியோவுக்குப் போய்விட்டது. இயாகோ கொடி தூக்கும் உத்தியோகத்திலேயே நிற்கிறான். அவனை ஒதெல்லோவும் மற்றவர்களும் வாய்க்கு வாய் 'ஆனஸ்ட்' என்கிறார்கள். பதவி உயர்வு கிடைக்காதவனுக்குக் கிடைக்கிற பாராட்டு அது. அந்தப் பாராட்டே அவனுக்கு எரிச்சல்.

இவ்வளவும் அகராதியை நன்றாகப் படித்தால் கிடைத்துவிடும் என்று ஒருவர் சொல்லலாம். அகராதியில் அர்த்தங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக எண் போட்டு நிற்கின்றன. நாடகத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். காஸியோ எப்படிப்பட்டவன் என்ற பேச்சில் ஒதெல்லோ இந்தச் சொல்லைச் சொல்ல, இயாகோ அதையே திருப்பிக் கேட்கிறான். புதிதாக அவன் சேர்த்தது ஒரு கேள்விக்குறி மட்டும். விஷம் அதற்குள் இறங்கிவிடுகிறது. அதே காட்சியில் பின்னால், நேர்மையாக இருந்தால் ஆபத்து என்று இயாகோ கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். ஒதெல்லோ அவனை நிறுத்தி, நீ ஆனஸ்டாகத்தான் இருக்கவேண்டும் என்கிறான். உடனேயே, என் மனைவி ஆனஸ்ட் என்று நினைக்கிறேன், அல்ல என்றும் நினைக்கிறேன் என்று தவிக்கிறான்.

இங்கே தமிழில் என்ன செய்வது? முதல் இடத்தில் 'நேர்மை', அடுத்ததில் 'கற்பு'. இரண்டும் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் இரண்டும் சரியாக இருப்பதால் காட்சி செத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இயாகோவின் வாக்கும் டெஸ்டிமோனாவின் உடம்பும் ஒரே தராசில் ஏறுகின்றன. ஒருவர் ஆனஸ்ட் என்றால் மற்றவர் அல்ல. அந்தத் தராசைத் தொங்கவிடுகிற ஆணி ஒரே சொல். தமிழில் அவனுக்கு ஒரு தராசு, அவளுக்கு வேறு தராசு. (தமிழ் சினிமாவில் சிவாஜி கணேசன் ஒதெல்லோவாக வந்தது 1963-ல், 'இரத்தத் திலகம்' படத்தில். அந்தக் காட்சியை ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டார்கள். ஒருவிதத்தில் புத்திசாலித்தனம்.)

ஐந்தாம் அங்கத்தில் பியாங்கா, தன்னை வேசி என்று ஏசும் எமிலியாவிடம், உன்னைப்போல நானும் ஆனஸ்ட்தான் என்கிறாள். அங்கே 'கற்பு' போட்டால் நகைச்சுவை, 'நேர்மை' போட்டால் உபதேசம். அவள் கேட்பது இரண்டும் அல்ல. மரியாதையைக் கேட்கிறாள்.

வேறு என்ன இருக்கிறது நம்மிடம்? 'நாணயம்' கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பவனோடு நின்றுவிடும். 'உத்தமன், உத்தமி' இரண்டு பாலுக்கும் பொருந்தும், ஆனால் கொடி தூக்குகிறவனுக்கு அது மிகப் பெரிய சட்டை. மிஞ்சுவது 'யோக்கியன்'. நம் எழுத்தாளர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு ஒதுக்கிவைத்த தெருச்சொல். யோக்கியமான மனுஷன் என்றால் நாணயம், யோக்கியமான பொம்பளை என்றால் கற்பு. 'உனக்கு என்ன யோக்கியதை இருக்கு' என்றால் அந்தஸ்து. லத்தீனிலிருந்து ஆங்கிலம் நடந்த தூரத்தை இது சமஸ்கிருதத்திலிருந்து நடந்திருக்கிறது.

ஆனால் சிக்கலும் இங்கேதான். 'யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை' என்று பழமொழி வைத்திருக்கிற ஜனங்கள் நாம். 'யோக்கியன் இயாகோ' என்று ஒதெல்லோ முதல்தடவை சொன்னதுமே சபை சிரித்துவிடும். ஆங்கிலச் சொல் தன் சந்தேகத்தை மூன்று அங்கம் ஒளித்துவைக்கிறது. தமிழ்ச் சொல் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. ஒருவன் முகத்துக்கு நேரே யோக்கியன் என்று சொல்லி அவனைச் சந்தோஷப்படுத்த நம் ஊரில் முடியாது.

'நேர்மை'க்கு இந்த ஆபத்து இல்லை. அதனால்தான் சிறுபத்திரிகை மதிப்புரைகளில் அது இவ்வளவு சௌகரியமாகப் புழங்கிவந்திருக்கிறது. 'கவிதைகளில் செறிவு போதாது, ஆனாலும் நேர்மையான முயற்சி' என்று எத்தனை மதிப்புரை படித்திருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கு மேல். எழுதும்போது அது தார்மீகத் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எம்ப்ஸனைப் படித்தபிறகு அது தோளில் தட்டுகிற வேலை என்று தெரிகிறது. காஸியோவுக்குப் பதவி, இவருக்கு நேர்மை. நமக்குப் பிடித்த கவிஞரைப் பற்றி எழுதும்போது அவர் நேர்மையானவர் என்று சொல்லத் தோன்றுவதே இல்லை, படிமத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒரு கவிதை பொய் சொல்லியிருந்தால் எந்த வரியில் என்று காட்டுவதுதான் விமர்சகன் வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்ட இடங்களில்தான் நான் இந்தச் சொல்லை உபயோகித்திருக்கிறேன். யாராவது ஒருவர் பழைய பத்திரிகைகளை வைத்துக்கொண்டு, எம்ப்ஸன் மாதிரி இதை எண்ணிப் பார்க்கலாம்.

மொழிபெயர்ப்புக்குத் திரும்புவோம். மூன்றாம் அங்கத்தில் நம்மைக் கைவிட்ட 'யோக்கியன்' கடைசிக் காட்சியில் கைகொடுக்கிறான். எல்லாம் வெளிப்பட்டு, கையிலிருந்த கத்தியும் பறிபோன நிலையில் ஒதெல்லோ ஒரு கேள்வி கேட்கிறான். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று போனபிறகு மற்றது மட்டும் எதற்கு மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறான். நேர்மை, கௌரவம் என்று பெயர்த்தால் அவை உறவில்லாத இரண்டு சொற்கள். யோக்கியம், யோக்கியதை என்று போட்டால் உறவு தெரிகிறது. அந்த இடத்தில் சபை சிரிக்கவும் சிரிக்காது.